மேல்விஷாரம் தோலும் டாலர் விலையும்: காப்பு எது, சூது எது?

மேல்விஷாரத்தில் பதனிடும் தோலுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். பேசும் பணம் டாலராகவோ யூரோவாகவோ இருக்கும். அதே தோலைப் பச்சையாகப் பெரியமேட்டு மண்டியில் வாங்கும்போது கொடுப்பது ரூபாய். டேனரி ஆட்களின் கூலி, மின்சாரக் கட்டணம், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பணம் எல்லாமே ரூபாய்தான். செலவு ஒரு நாணயத்திலும் வரவு வேறொரு நாணயத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே நான்கைந்து மாதம் ஓடிவிடுகிறது. ஆர்டர் உறுதியான பிறகு தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, குரோம் ஏற்றி, ‘வெட் ப்ளூ’ எனப்படும் ஈரநிலைத் தோலாக்கி, சாயமிட்டு, ஃபினிஷ் செய்து அனுப்பச் சில வாரங்கள் பிடிக்கும். கப்பல் பயணத்துக்கு ஒரு மாதம். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போனதால் அந்தப் பயணம் இன்னும் பத்து, பதினைந்து நாள் நீண்டது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் வாங்குபவர் அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணை கேட்பார்.

இத்தனை நாளும் டாலர் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் டாலர் ஆர்டர், ஒப்புக்கொண்ட நாளில் டாலர் 85 ரூபாய். வரவேண்டியது 85 லட்சம், அடக்கச் செலவு 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரும் நாளில் ரூபாய் மூன்று சதவீதம் வலுத்துவிட்டால் டாலர் 82 ரூபாய் 45 காசு. வரவில் இரண்டரை லட்சத்துக்கு மேல் குறைகிறது. ஐந்து லட்ச லாபத்தில் பாதி போய்விட்டது. தோல் கெடவில்லை, தரம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை, வாங்கியவர் ஏமாற்றவும் இல்லை. நாணயச் சந்தை அசைந்தது, அவ்வளவுதான். ரூபாய் சரிந்திருந்தால் அதே அளவு கூடுதல் லாபம் கிடைத்திருக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் ரூபாய் மொத்தத்தில் சரிந்தே வந்திருக்கிறது. 2008 தொடக்கத்தில் 39 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. ‘எப்படியும் டாலர் ஏறத்தான் போகிறது, காப்பு எதற்கு?’ என்ற எண்ணம் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் வேர்விட்டதற்கு இதுவே காரணம். நீண்ட காலக் கணக்கில் அந்த எண்ணம் தப்பில்லை. ஆனால் வங்கிக் கடனுக்குத் தவணை தேதி குறுகிய காலத்தில் வருகிறது. நடுவில் வந்த சில ஆண்டுகள் இந்த எண்ணத்துக்கு மிகப் பெரிய விலை வாங்கியிருக்கின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அவற்றுக்குப் போகுமுன் வேறொரு தொழிலைப் பார்ப்போம். விலை ஆபத்தைச் சமாளிப்பதில் மிகவும் பழகிய தொழில் எண்ணெய் எடுப்பது. அமெரிக்காவில் நிலத்தடிப் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிணறு தோண்ட இன்றே கடன் வாங்குகிறது. எண்ணெய் வருவதோ அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில். விலையை அந்த நிறுவனம் தீர்மானிப்பதில்லை. ஆகவே கடன் கொடுக்கும் வங்கியே, ‘வரப்போகும் உற்பத்தியில் ஒரு பங்குக்கு இப்போதே விலையைக் கட்டிக்கொள்’ என்று நிபந்தனை போடுகிறது. கட்டுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, குறித்த விலைக்கு இன்றே ஒப்பந்தம் செய்துகொள்வது. விலை விழுந்தால் நிறுவனம் பிழைக்கும், ஏறினால் ஏற்றம் அதற்கு இல்லை. இரண்டாவது, ஒரு தரை விலைக்குக் காப்பீடு போலப் பிரீமியம் கட்டி ஆப்ஷன் வாங்குவது. விழுந்தால் காப்பு, ஏறினால் லாபமும் கைக்கு வரும், ஆனால் பிரீமியம் போனது போனதுதான். மூன்றாவது, அந்தப் பிரீமியத்தைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு தரையை வாங்கி, ஈடாக ஒரு கூரையை விற்பது. இதைக் காலர் என்கிறார்கள். கைப்பணம் செலவாவதில்லை. விலை கூரையைத் தாண்டினால் தாண்டிய பங்கு எதிராளிக்கு.

இரண்டாவது வழிக்கு மெக்சிகோ பேர்பெற்ற உதாரணம். அந்நாட்டு அரசு தன் எண்ணெய் வருமானத்துக்கு ஆண்டுதோறும் ஆப்ஷன் வாங்கிவந்தது. பல ஆண்டுகள் அந்தப் பிரீமியம் வீணாகப் போனது. 2008இல் எண்ணெய் விலை நொறுங்கியபோது, 2009 கணக்கில் ஏறக்குறைய 500 கோடி டாலர் கைக்கு வந்தது. மூன்றாவது வழியில் ஒரு கிளைவழி உண்டு. தரையை வாங்கி, கூரையை விற்று, அதற்கும் மேல் கொஞ்சம் காசு மிஞ்சட்டும் என்று, தரைக்கு வெகு கீழே இன்னொரு தரையை எதிராளிக்கு விற்பது. ‘அவ்வளவு கீழே எங்கே போகப் போகிறது?’ என்ற நம்பிக்கையில் செய்வது. 2014 இறுதியில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த மூன்றடுக்கு ஏற்பாட்டில் இருந்தவர்களுக்குக் காப்பு மிகத் தேவைப்பட்ட ஆழத்தில்தான் காப்பு இல்லாமல் போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் ஒப்பந்த விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே 37 டாலர் 63 சென்ட் இறங்கி முடிந்ததையும் உலகம் பார்த்தது. ‘அவ்வளவு கீழே போகாது’ என்ற வாக்கியத்துக்குச் சந்தையில் எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்கள் விழுந்த குழியும் இதே வடிவம் கொண்டது.

எண்ணெய்க்காரரிடம் இருந்து தோல்காரர் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. எண்ணெய்க்குத் தரம் குறித்த சந்தை இருக்கிறது. பிரென்ட் ரக எண்ணெய் என்றால் பிரென்ட்தான். தோலோ ஆட்டுக்கு ஆடு, ஊருக்கு ஊர் மாறும். கொசுக்கடி, கீறல், அம்மைத் தழும்பு, உப்பிட்ட விதம் எல்லாம் விலையை மாற்றும். அதோடு தோல் என்பது இறைச்சியின் துணைப்பொருள். தோல் விலை ஏறியதால் யாரும் கூடுதலாக ஆடு அறுப்பதில்லை, விலை விழுந்ததால் அறுப்பது நிற்பதும் இல்லை. விலைக்குக் கட்டுப்படாத வரத்து உள்ள பொருளின் விலை தாறுமாறாக ஆடும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் தோலுக்கென்றே முன்பேரச் சந்தை இருந்தது. 1933இல் நியூயார்க்கில் நான்கு சந்தைகள் சேர்ந்து காமெக்ஸ் உருவானபோது, உலோகம், ரப்பர், பட்டு ஆகியவற்றோடு தோல் சந்தையும் அதில் ஒன்று. இன்று அந்தச் சந்தையைத் தங்கத்துக்காகவே எல்லோரும் அறிவார்கள். தோல் ஒப்பந்தம் மறைந்துவிட்டது. ஆக மேல்விஷாரத்து டேனரிக்காரர் பச்சைத் தோல் விலைக்கு எந்தக் காப்பும் வாங்க முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு நாணயம்.

அந்தக் கதவின் பெயர் ஃபார்வர்டு. வங்கியில் போய், ‘ஆகஸ்டில் எனக்கு ஒரு லட்சம் டாலர் வரும், இன்றே விலை சொல்லுங்கள்’ என்று கேட்டு எழுதி வாங்குவது. எழுதிய பிறகு டாலர் எங்கே போனாலும் அந்த விலைதான். இந்தியாவில் வட்டி அமெரிக்காவைவிடக் கூடுதலாக இருந்துவந்ததால், ஃபார்வர்டு விலை இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இந்தக் கூடுதல் ஏற்றுமதியாளருக்குச் சேரும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு நான்கு, ஐந்து, ஆறு சதவீதம்கூடக் கிடைத்தது. அமெரிக்கா 2022 முதல் வட்டியை ஏற்றியபோது வித்தியாசம் குறுகி, 2023, 2024இல் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதைக் கவனிக்காமல், ‘ஃபார்வர்டு போட்டால் முன்பு மாதிரி நாலு காசு மிஞ்சுவதில்லை’ என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்கள் காப்பை வருமானமாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். குழப்பம் தொடங்கும் இடம் அதுவே.

எண்ணெய்ச் சந்தையில் பழகிய ஃபியூச்சர்ஸ் என்ற வழி இங்கேயும் வந்தது. தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ் 2008 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கியது. ஒரு லாட் ஆயிரம் டாலர் என்பதால் சிறியவர்களுக்கும் எட்டும் அளவு. ஆனால் ஃபியூச்சர்ஸில் தினந்தோறும் கணக்குத் தீர்க்க வேண்டும். டாலர் ஏறினால் பிற்காலத்தில் பில்லில் லாபம் வரும் என்றாலும், இன்று மாலையே மார்ஜின் பணம் கட்டியாக வேண்டும். சரக்கு இன்னும் டிரம்மில் சுழன்றுகொண்டிருக்கும்போது கைப்பணம் வெளியே போகும். 1993இல் மெட்டால்கெசெல்ஷாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் எண்ணெய்ச் சந்தையில் நூறு கோடி டாலருக்கு மேல் இழந்ததற்கு இதே பணப்பொருத்தமின்மை ஒரு முக்கியக் காரணம். மேல்விஷாரத்து நடுத்தர டேனரிக்கு வங்கி ஃபார்வர்டே பொருத்தம் என்பது என் கணிப்பு. 2024 மே 3 முதல், ஃபியூச்சர்ஸ் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி கறாராக வந்த பிறகு அந்தச் சந்தையே சுருங்கிவிட்டது.

இனி 2007க்கு வருவோம்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர் ஆண்டிறுதிக்குள் 39க்குப் பக்கம் வந்தது. திருப்பூர் பனியன்காரரும் ஆம்பூர் ஷூக்காரரும் ஒரே நேரத்தில் கலங்கினார்கள். லாப விகிதம் ஐந்தாறு சதவீதமே உள்ள தொழிலில் நாணயம் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் என்ன மிஞ்சும்? அந்தக் கலக்கத்தில் சில வங்கிகளின் விற்பனையாளர்கள் ‘செலவே இல்லாத’ ஏற்பாடுகளோடு வந்தார்கள். அவற்றில் ஒரு வகையை எளிமையாக்கிச் சொல்கிறேன். சந்தையில் டாலர் 41 என்றால் உங்களுக்கு 42 தருவோம், மாதம் ஒரு லட்சம் டாலருக்கு. ஒரே ஒரு நிபந்தனை, டாலர் 42ஐத் தாண்டினால் அந்த மாதம் நீங்கள் இரண்டு லட்சம் டாலரை 42க்குக் கொடுக்க வேண்டும். ரூபாய் வலுத்துக்கொண்டே போன நாட்களில் இது இலவசமாகக் கிடைத்த ஒரு ரூபாய் போலத் தோன்றியது. உண்மையில் ஏற்றுமதியாளர் தன் கூரையை இரட்டைப் பங்கு விற்றிருந்தார்.

2008 அக்டோபரில் டாலர் 49ஐத் தாண்டியது. அந்த ஒப்பந்தத்தில் இருந்தவர் தன்னுடைய ஒரு லட்சம் டாலரை 42க்குக் கொடுத்துவிட்டார். அது கிடைத்திருக்க வேண்டிய லாபம் போன கணக்கு மட்டுமே. அடுத்த ஒரு லட்சம் டாலர் அவரிடம் இல்லை. சந்தையில் 49 கொடுத்து வாங்கி 42க்குக் கொடுக்க வேண்டும். மாதம் ஏழு லட்சம் ரூபாய் கைப்பணமாகப் போனது. அதுவும் மேலை நாடுகளில் கடைகள் ஆர்டரைக் குறைத்த அதே மாதங்களில்.

இன்னொரு வகை இதைவிட மோசமானது. அதில் ரூபாயே கிடையாது. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் இடையிலான விலை, டாலருக்கும் யென்னுக்கும் இடையிலான விலை இவற்றின் மேல் கட்டியவை அந்த ஒப்பந்தங்கள். கோவையிலோ ஆம்பூரிலோ சரக்கு அனுப்புபவருக்கு சுவிஸ் ஃபிராங்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ‘பல வருஷமாக இந்த எல்லையைத் தொட்டதே இல்லை’ என்ற வரைபடம் ஒன்றைக் காட்டி விற்றார்கள். 2007 ஜூனில் ஒரு டாலருக்கு ஒன்றேகால் ஃபிராங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது.

கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கு இந்த வகை ஒப்பந்தம் பற்றியதுதான். இந்தியாவில் ஃபார்வர்டு, ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் பற்றி நீதிமன்றம் ஆழமாக ஆராய்ந்த முதல் வழக்குகளில் அது ஒன்று. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தயம் கட்டும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. தாங்கள் செய்தது காப்பு ஒப்பந்தம் அல்ல, பந்தயம், ஆகவே செல்லாது என்பது நிறுவனத்தின் வாதங்களில் முக்கியமானது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2008 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2006இல் சேர்த்த பிரிவு, ஒரு தரப்பு வங்கியாக இருக்கும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைச் செல்லுபடியாக்கியிருந்தது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் நட்டம் வந்ததும் பந்தயமாகிவிடும் என்றால் நாளை எந்த வங்கியும் ஃபார்வர்டு எழுதிக் கொடுக்காது. ஆனால் சட்டக் கேள்வியும் பொருளாதாரக் கேள்வியும் வேறு வேறு. ஒப்பந்தம் செல்லும் என்பதால் அது காப்பு என்று ஆகிவிடாது. சுவிஸ் ஃபிராங்கைத் தன் வாழ்நாளில் தொடாத ஏற்றுமதியாளருக்கு அந்த ஒப்பந்தம் எந்த ஆபத்தையும் குறைக்கவில்லை, இல்லாத ஆபத்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது. ரிசர்வ் வங்கியும் பிற்பாடு இதையே வேறு வார்த்தைகளில் சொன்னது. வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று பார்த்து விற்க வேண்டும் என்ற விரிவான வழிகாட்டுதல் 2007 ஏப்ரல் 20 அன்றே வெளிவந்திருந்தது. அதை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. பொருத்தம் பார்க்கவில்லை, இடர் மேலாண்மைக் கொள்கையே இல்லாதவர்களுக்கு விற்றார்கள், அடிப்படை வணிகம் இருக்கிறதா என்று சரிபார்க்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகளில் சில. அபராதம் வங்கிக்கு ஐந்து லட்சம் முதல் பதினைந்து லட்சம் வரை. மேலே சொன்ன உதாரண ஏற்றுமதியாளர் இரண்டே மாதத்தில் இழக்கும் தொகை அது. வங்கிகளை அது உறுத்தியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பந்தயமா, வணிகமா என்ற கேள்வி மேல்விஷாரத்துக்கு நீதிமன்றத்தில் இருந்து வந்த கேள்வி அல்ல. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் தர்மத்துக்கும் கொடுத்த சி. அப்துல் ஹக்கீம் பிறந்த ஊர். அவர் பெயரில்தான் இங்கே கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் நடக்கின்றன. சூதும் வட்டியும் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை நடக்க வேண்டும், பிற்பாடு தருவதாக வைக்கக் கூடாது என்பது மார்க்க அறிஞர்களின் பரவலான நிலைப்பாடு. அதனால் ஃபார்வர்டு கூடுமா என்ற தயக்கம் இவ்வூர் வணிகர் ஒருவருக்கு வந்தால் அதை மரியாதையோடு கேட்க வேண்டும். வங்கி அதிகாரி அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. மலேசியாவிலும் வளைகுடாவிலும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு தரப்பு மட்டும் கொடுக்கும் வாக்குறுதியாக, ‘வஅத்’ என்ற முறையில், ஒப்பந்தத்தை அமைக்கிறார்கள். அடியில் உண்மையான வணிகம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. இந்தியாவில் இஸ்லாமிய வங்கிமுறையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017இல் தெரியவந்தது. ஆகவே அந்த வழி இங்கே இல்லை.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. மார்க்க அறிஞர் கேட்கும் கேள்வியும், ரிசர்வ் வங்கி விதி கேட்கும் கேள்வியும், ஒரு நல்ல ஆடிட்டர் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: இதற்கு அடியில் சரக்கு இருக்கிறதா? பில் இருக்கிறதா? இருந்தால் அந்த அளவுக்கு மட்டுமா? தயக்கம் உள்ளவருக்கு ஃபார்வர்டு இல்லாத வழிகளும் உண்டு. இத்தாலியில் இருந்தோ ஜெர்மனியில் இருந்தோ வரும் ரசாயனத்துக்கு யூரோவில் பணம் கட்டுபவர், ஷூ ஏற்றுமதி வரவையும் யூரோவிலேயே வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்யும். வெளிநாட்டில் இருந்து வெட் ப்ளூ இறக்குமதி செய்பவருக்கு டாலரில் இதே வசதி. ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனை ரூபாயில் வாங்காமல் டாலரில் வாங்கி, வரும் டாலரால் அடைப்பது இன்னொரு வழி. இதில் வட்டி இருப்பதால் மேற்சொன்ன தயக்கம் தீராது என்றாலும், நாணய ஆபத்து தீரும்.

யூரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூக்களில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போகிறது. ‘ரூபாய் சரிந்தால் ஏற்றுமதிக்கு நல்லது’ என்று தொலைக்காட்சி சொல்லும்போது அது டாலரை மட்டுமே மனதில் வைத்துச் சொல்கிறது. 2014 தொடக்கத்தில் யூரோ 85 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. 2015 ஏப்ரலில் 67க்குப் பக்கம் வந்தது. அந்த இரண்டு சமயங்களிலும் டாலர் 62, 63 ரூபாய்க்குப் பக்கமே இருந்தது. டாலரைப் பார்த்து நிம்மதியாக இருந்தவரின் யூரோ பில்லில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துபோனது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த மறுநாள், 2016 ஜூன் 24 அன்று, பவுண்டு டாலருக்கு எதிராக ஒரே நாளில் ஏறக்குறைய எட்டு சதவீதம் விழுந்தது. லண்டன் கடைகளுக்குப் பவுண்டில் பில் போட்டவர்களுக்கு அன்று இரவு தூக்கம் இருந்திருக்காது. எந்த நாணயத்தில் பில் போடுகிறோமோ அதற்குத்தான் காப்பு வேண்டும். டாலரை மட்டும் பார்த்துப் பழகிய கண் இதைத் தவறவிடுகிறது.

எளிய ஃபார்வர்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2020 மார்ச் அதைக் காட்டியது. பிப்ரவரியில் டாலர் 71, 72 ரூபாய். ஆர்டரை நம்பி 72 ரூபாய் 50 காசுக்கு ஒரு லட்சம் டாலர் ஃபார்வர்டு போட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் கொரோனா. ஐரோப்பாவில் கடைகள் மூடின. வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்தார். டாலர் 76. வரவேண்டிய டாலர் வராது, வங்கிக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் நிற்கிறது. ஃபார்வர்டை கேன்சல் செய்ய மூன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், கப்பலேறாத சரக்குக்காக. உலகம் பயந்த நாளில் ஆர்டரும் போகிறது, ரூபாயும் விழுகிறது, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஆகவே ஆர்டர் முழுவதற்கும் ஃபார்வர்டு போடுவதும் ஆபத்துதான். அனுபவமுள்ளவர்கள் ஆர்டர் உறுதியானதும் பாதிக்கு, சரக்கு கப்பலேறியதும் மீதியில் ஒரு பங்குக்கு என்று படிப்படியாகப் போடுகிறார்கள். எண்ணெய் நிறுவனங்களும் வரப்போகும் உற்பத்தி முழுவதையும் கட்டுவதில்லை. அடுத்த ஆண்டுக்கு அதிகமாகவும் அதற்கடுத்த ஆண்டுக்குக் குறைவாகவும் கட்டுகின்றன. வாங்குபவர் பணம் தராமல் போகும் ஆபத்துக்கு 1957இல் தொடங்கிய இசிஜிசி நிறுவனத்தின் காப்பீடு தனியாக இருக்கிறது. அதை ஃபார்வர்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

எந்தக் காப்பாலும் மூட முடியாதவையும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டபோது, அதற்கு எந்த வங்கியிலும் ஃபார்வர்டு கிடையாது. டேனரிகள் பாலாற்றை மாசுபடுத்தியதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் தீர்ப்பு ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கொள்கையை நாட்டுச் சட்டமாக்கியது. அதிலிருந்து சுத்திகரிப்புச் செலவு இத்தொழிலின் நிரந்தரச் செலவு. நியாயமான செலவும்கூட. பாலாற்று மணலும் கிணறுகளும் கொடுத்த விலையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். டாலர் விழுந்தாலும் ஏறினாலும் அந்தச் செலவு குறைவதில்லை. ஆகவே நாணயத்தில் வரும் அடியைத் தாங்க டேனரிக்கு இடம் மிகக் குறைவு.

இந்த அடி கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பது எனக்கு மிக முக்கியமான கேள்வி. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் டாலரைக் கவனிக்க ஆள் இருக்கிறார். அவர்களிடம் ஜாப் வொர்க் எடுத்து, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பதனிட்டுக் கொடுக்கும் சிறு டேனரிக்காரருக்கு டாலர் பில் கிடையாது. அவர் ரூபாயில்தான் வாங்குகிறார். காகிதப்படி அவருக்கு நாணய ஆபத்தே இல்லை. ஆனால் ரூபாய் வலுத்தால், ‘இந்த சீசன் ரேட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க பாய், டாலர் இறங்கிடுச்சு’ என்பார்கள். டாலர் ஏறும்போது ரேட் ஏறுவது அபூர்வம். அவருக்குக் கீழே துண்டுக் கூலிக்கு ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். காப்பு வாங்க முடியாதவர்களிடம்தான் ஆபத்து கடைசியில் வந்து தங்குகிறது. பெரிய நிறுவனம் ஃபார்வர்டு போட்டு விலையைக் கட்டிக்கொண்டால், ஜாப் வொர்க் ரேட்டையும் அதே காலத்துக்குக் கட்டிக்கொடுக்கலாம். அதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும்.

2007ஐவிட இன்று விதிகள் மேலானவை. 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி ஏற்பாட்டில், சிறிய வாடிக்கையாளருக்கு வங்கி விற்கக்கூடியவை எளியவை மட்டுமே: ஃபார்வர்டு, வாங்கும் ஆப்ஷன், ஸ்வாப் போன்றவை. கூரையை விற்கச் சொல்லும் இரட்டைப் பங்கு ஏற்பாடுகளுக்கு அவர்களிடம் இடமில்லை. 2019 ஆகஸ்ட் 5 அன்று இந்தியத் தீர்வுக் கழகம் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற தளத்தைத் தொடங்கியது. சிறு ஏற்றுமதியாளரும் வங்கிகளுக்கிடையே நடக்கும் விலைக்கு நெருக்கமாக டாலரை விற்கலாம். ஒரு டாலருக்குப் பத்து காசு வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஒரு லட்சம் டாலருக்கு அது பத்தாயிரம் ரூபாய், ஒரு தொழிலாளியின் மாதக் கூலியை நெருங்கும் தொகை. வங்கி தானாக முன்வந்து இதைச் சொல்லாது, கேட்க வேண்டும்.

என் முடிவு இது. உறுதியான ஆர்டரில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை எளிய ஃபார்வர்டு, மீதியைத் திறந்து விடுவது, பில்லின் நாணயத்திலேயே செலவைப் பொருத்துவது. இதற்கு மேல் ஒரு நடுத்தர டேனரிக்குத் தேவையில்லை. ஆப்ஷன் வேண்டுமென்றால் பிரீமியம் கொடுத்து வாங்கலாம், ஒருபோதும் விற்கக் கூடாது. ‘செலவே இல்லை’ என்று யாராவது சொன்னால், எதை விற்கச் சொல்கிறார் என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும்.

வங்கிகளிடம் ஒரு கோரிக்கை: ஃபார்வர்டு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், டாலர் ஐந்து ரூபாய் ஏறினால் இவ்வளவு, ஐந்து ரூபாய் இறங்கினால் இவ்வளவு, ஆர்டர் ரத்தானால் இவ்வளவு என்று மூன்று வரியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் கல்லூரியின் வணிகவியல் துறைக்கும் ஒன்று: வாரம் ஒருநாள் மாலை, உங்கள் மாணவர்கள் பத்துப் பேர் ஊரின் சிறு டேனரிக்காரர்களோடு உட்கார்ந்து, அவரவர் பில் நாணயம், தவணை நாள், அன்றைய ஃபார்வர்டு விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். கல்லூரிக்கும் டேனரிகளுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான்.